நடு வார்டில் திறந்துவிட்ட ஆறு

"ஏம்மா, உங்களுக்கு வேற புத்தகமே கிடைக்கலையா? தண்ணி குடிக்காதீங்க, தண்ணி குடிக்காதீங்கன்னு நான் தொண்டை வத்தக் கத்திக்கிட்டு இருக்கேன். நீங்க நடு வார்டுல உக்காந்து ஆத்தைத் திறந்து விடுறீங்க."

சொன்னவர் எங்கள் டயாலிசிஸ் வார்டின் தலைமை சிஸ்டர், திருமங்கலத்துக்காரர். புத்தகத்தில் ஓடுகிற தண்ணீர் யாருடைய நுரையீரலிலும் ஏறாது என்றேன். கேட்கிறவன் நாக்கு தவிக்கிறதே, அவன் வீட்டுக்குப் போய்ச் சொம்பைத் தூக்க மாட்டானா என்றார். அப்படியானால் பாற்கடல் வருகிறது என்று புராணமும் படிக்கக் கூடாதா என்றேன். அதற்குள் ஒரு மெஷின் கத்தியது, அவர் ஓடினார். நான் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தேன்.

நோயாளிக்குக் கூடப் போகிறவருக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிற பெயர் 'அட்டெண்டர்'. மனுப் போடாமல் கிடைக்கிற வேலை, ராஜினாமாவும் கிடையாது. ஃபைல் தூக்க வேண்டும், ஃபிளாஸ்க் தூக்க வேண்டும், "அட்டெண்டர் யாரு?" என்று குரல் வந்தால் இட்லி வாயில் இருந்தாலும் எழுந்திருக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு ஒடிய உட்கார்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். மீதிப் பேருக்கும் ஒருநாள் நாற்காலி காத்திருக்கிறது.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தை. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் மெஷினோடு படுக்க வேண்டும். சிறுநீர் பிரியாது என்பதால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு எல்லாம் அதற்குள்ளே அடக்கம். மதுரை வெயிலில் ஒரு பாட்டில் என்றால் என்ன அர்த்தம் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவர் பாசனத் துறையில் இருந்தவர். வைகையில் ஒரு மதகோரம் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதுவது வேலை. போய்ப் பார்த்தால் மணலும், மேய்கிற மாடும், கிரிக்கெட் ஆடுகிற பையன்களும்தான் இருப்பார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் பூஜ்யம் எழுதிவிட்டு வந்த வயிற்றெரிச்சலோ என்னவோ, அமெரிக்காவில் பாறையை அறுத்துக்கொண்டு ஒரு மைல் ஆழத்தில் ஓடுகிற பெரிய ஆற்றைப் பற்றிப் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார். அந்தப் பள்ளத்தாக்குக்குள் முதலில் படகு விட்டவர்கள், பிறகு விட்டவர்கள், கவிழ்ந்தவர்கள், கவிழ்ந்தவர்களைத் தேடிப் போனவர்கள் என்று பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிப் பொறுக்கி ஓர் அலமாரி நிறைந்துவிட்டது. மற்றப் பெண்களின் புருஷன்மார் சீட்டாடினார்கள். இதற்கு அது மேல் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

கண் போன பிறகு படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. கான்வென்ட்டில் படித்தவள் ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். கன்னியாஸ்திரீகள் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த வாசிப்பு என்னுடையது: கமாவுக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு நிமிர்ந்து பார்ப்பது. இவருக்குக் கண் தெரியாததால் என்னை மட்டும் வார்டுக்குள் விட்டார்கள். அதன் விளைவுகள்தான் கீழே உள்ளவை.

எடை பார்க்கும் இடம்

வார்டுக்குள் நுழைந்ததும் எடை மெஷின். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனையும் தண்ணீர். திருட்டுத்தனமாகக் குடித்தது அங்கே முள்ளில் தெரிந்துவிடும். ஆகவே ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் செய்கிற காரியங்களைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றுவார்கள், கடிகாரத்தைக் கழற்றுவார்கள், மூச்சைப் பிடிப்பார்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரர் மாயாண்டி. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போட்டவர். ஃபோன், வெற்றிலைப் பை, அரைஞாணில் கோத்திருந்த மோட்டார் ரூம் சாவி எல்லாவற்றையும் என் மடியில் போட்டுவிட்டுத்தான் மெஷினில் ஏறுவார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியும் கடைசிவரை டீச்சரம்மா என்றே கூப்பிட்டார். ஒருநாள் சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஆலை வாசல்ல கரும்பு வண்டியை நிறுத்தி, எடை கூடணும் சாமின்னு கும்புட்டவன் டீச்சரம்மா நான். இங்க வந்து குறையணும்னு கும்புடுறேன். அந்தச் சாமிக்கே குழம்பிப் போயிருக்கும்."

கைக்குள் கேட்கிற சத்தம்

மெஷினுக்கு ரத்தம் வேகமாக வர வேண்டும் என்பதற்காக முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்துவிடுவார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். நாளாக ஆகக் கயிறு மாதிரிப் புடைத்துக்கொள்ளும். காது வைத்தால் உள்ளே ரத்தம் பாய்கிற சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் அடைத்துக்கொண்டது என்று பொருள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தினமும் காலையில் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் நான் செய்கிற முதல் வேலை, இவர் இடது கையில் காதை வைப்பது. என் கொலுசுச் சத்தம் கேட்டதும் கையைத் தானாக நீட்டிவிடுவார்.

எனக்கு அது உலை கொதிக்கிற சத்தம். இவருக்கு அப்படி இல்லை. ஆற்றில் ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் பாறைகளில் தண்ணீர் மோதுவது படகுக்காரர்களுக்குக் கண்ணில் படுவதற்கு முன் காதில் கேட்குமாம். எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. அந்தச் சத்தம்தான் இது என்பார். காசு செலவில்லாமல் அமெரிக்கா போய்விட்டீர்கள், எனக்குத்தான் அடுப்படி என்பேன். வார்டில் ஊசி போடுகிற செல்வி என்ற பெண் ஒவ்வொரு தடவையும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லும்:

"அங்கிள் கை நல்லாச் சத்தம் போடுது ஆன்ட்டி. இது இருக்கிற வரைக்கும் நாம பயப்பட வேண்டாம்."

எந்தக் கண்மாய்க்கு?

முதலில் இவர் காதருகே ஆங்கிலத்தில்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படுக்கையிலிருந்து மாயாண்டி, அண்ணன் மட்டும் கேட்டுக்கிட்டா நாங்க என்ன விட்டத்தைப் பாக்குறதா என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து படித்துக்கொண்டே தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பாறையின் வயதைப் பற்றிய பக்கங்களைத் தாண்டிவிடுவேன், எனக்குப் பொறுமை கிடையாது. இவர் கண்ணை மூடியபடியே, அங்க ரெண்டு பக்கம் விட்டுட்டே என்பார். எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவருக்கு எதற்கு நான் படிக்க வேண்டும் என்று கேட்டால், நீ படி என்பார்.

மாயாண்டிக்குப் படகு, மனிதர்கள் எல்லாம் அப்புறம். இம்புட்டுத் தண்ணியும் எந்தக் கண்மாய்க்குப் போகுது, யாருக்குப் பாத்தியதை, மடை எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஆறு ஒரு மைல் கீழே ஓடுகிறது, மேலே இருக்கிற நிலத்துக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறாது, மேலே வெறும் பொட்டல் என்று விளக்கினேன். மெஷின் அவருடைய ரத்தத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப மேல இருக்கவன் குனிஞ்சு பாத்துக்கிட்டே நாக்கு வறண்டு கெடக்கணும். நம்ம வார்டுதான்னு சொல்லுங்க."

காபி தீரவில்லை

எதிர்ப் படுக்கை ரெங்கராஜன் சார். ஒரு கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் தமிழாக்கத்தில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே காதைத் தீட்டி வைத்திருப்பார். அவருடைய துக்கம் காபி. மூன்று வேளை டபரா நிறையக் குடித்து வளர்ந்தவருக்கு இப்போது அரை டம்ளர்.

ஒருநாள் நான் படித்த பகுதியில் படகு ஒன்று கவிழ்ந்து சாமான் பாதி ஆற்றோடு போய்விட்டது. மாவு நனைந்து கட்டிதட்டி, பூஞ்சணம் பிடித்து, சலித்துச் சலித்துச் சாப்பிடுகிறார்கள். உப்புக்கண்டம் நாறித் தூக்கிப்போட்டாயிற்று. கொஞ்சம் காய்ந்த ஆப்பிள். வார்டு முழுக்கக் காது கொடுத்துக் கேட்டது. பொட்டாசியம் போகட்டும் என்று உருளைக்கிழங்கை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிச் சக்கையைத் தின்கிற கூட்டம் இது. இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, ஊறுகாயை மோந்துகூடப் பார்க்கக் கூடாது. பத்தியக்காரன் கஷ்டம் பத்தியக்காரனுக்குத்தான் தெரியும் என்று எல்லார் முகத்திலும் ஓர் உறவு வந்துவிட்டது. கடைசியில் பாவம், மாவும் அந்த ஆப்பிளும் காபியும் தவிர ஒன்றுமே மிஞ்சவில்லை என்று முடித்தேன். ரெங்கராஜன் சார் தலையை உயர்த்தினார்.

"காபி இருக்கா? அப்புறம் என்னம்மா பாவம்? சும்மா ஊரைக் கூட்டி அழறாங்க."

நீர்மோர்ப் பந்தல்

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. மாயாண்டி மெஷினுக்கு வரவில்லை. முந்தின வெள்ளிக்கிழமையே எனக்குச் சந்தேகம்தான். மூன்று மாதம் அந்த வெள்ளைக்காரர்கள் ஆற்றுக்குள்ளேயே கிடந்தார்கள் என்று படித்தபோது, அழகரே இறங்கின சூட்டோட கரையேறிருறாரு, இவங்களுக்கு என்ன வந்துச்சு என்று கேட்டுவிட்டு, தல்லாகுளத்துக்கு எப்போது போவது என்று மகனிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அவரை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல். சிஸ்டர் ஆக்ஸிஜனை மாட்டினார், மெஷினை மாட்டினார், வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். தல்லாகுளத்திலிருந்து ஆறு வரைக்கும் வழி முழுக்கப் பந்தல். ஒரு பந்தலில் நீர்மோர், அடுத்ததில் பானக்கம், அதற்கடுத்ததில் ரஸ்னா. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா என்று சிஸ்டர் கேட்டார். மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மாயாண்டி சொன்னது: "அழகர் பேரைச் சொல்லி நீட்டுறாங்க தாயி. எனக்குக் கிட்னி சரியில்லைன்னு அவர்ட்ட சொல்லவா?" சிஸ்டர் திட்டுவதை விட்டுவிட்டு மாஸ்க்கை மறுபடி பொருத்தினார். அவர் வேறு மதம்தான், ஆனால் மதுரை ஜில்லாக்காரர்.

மாயாண்டிக்கு மூச்சு அடங்குகிற வரை இவர் காத்திருந்தார். பிறகு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி மெதுவாகக் கேட்டார். மாயாண்டி தலையை மட்டும் ஆட்டினார். இவருக்குத் தெரியாதே, ஆமாங்கிறார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இவர் கேட்டது இதுதான்:

"மோரு ஜில்லுன்னு இருந்துச்சா மாயாண்டி?"

ஏறிப் போன மூன்று பேர்

இந்த ஆற்றுப் புத்தகங்கள் எதை எடுத்தாலும் ஓர் இடம் வரும். சாப்பாடு தீர்ந்துவிட்டது, படகுகள் உடைசல், முன்னால் இதுவரை பார்க்காத பெரிய பாய்ச்சல், பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சீறி இறங்குகிற இடம். முதலில் படகு விட்ட அந்தக் கூட்டத்தில் மூன்று பேர், இனி நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். சண்டை இல்லை. கைகொடுத்துவிட்டுப் பாறை மேலே ஏறிப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் படகில் ஏறுகிறார்கள். ஏறிப் போன மூன்று பேரும் ஊர் போய்ச் சேரவில்லை. என்ன ஆனார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

நான் புத்தகத்தை மூடவும் வார்டில் பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது. ரெங்கராஜன் சார் அவர்கள் கோழைகள் என்றார். நம்பி வந்த தலைவனை நட்டாற்றில் விட்டவர்கள் என்றார். நானும் அந்தக் கட்சிதான், பாதியில் எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. செல்விகூட ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றது. இவர் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சித்திரைக்குப் பிறகு ரொம்பவும் தளர்ந்து போயிருந்த மாயாண்டி கடைசியில் பேசினார். கோபமாக இல்லை, வாய்க்கால் வரப்பில் நின்று பேசுகிற மாதிரி:

"கோழைன்னு சொல்லாதீங்க சார். வந்தாங்க, அம்புட்டுத் தூரமும் துடுப்புப் போட்டுட்டு வந்தாங்க. போதும்னு தோணுச்சு, ஏறிட்டாங்க. ஏறுறதுக்கும் கால்ல தெம்பு வேணுமில்ல?"

இப்ப வர்றதில்லை

அடுத்த வாரம் மாயாண்டி வரவில்லை. திங்கள் இல்லை, புதனும் இல்லை. யாருக்கு உடம்பு என்ன ஆனது என்று வார்டில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், அது இங்கே ஒரு நாகரிகம். எனக்கு அந்த நாகரிகம் போதாது. அவர் மகன் நம்பர் என் ஃபோனில் இருந்தது, கூப்பிட்டேன். மருமகள் எடுத்தது. மாமா இனி வரலைன்னுட்டாரு என்றது. எல்லாரும் காலில் விழுந்து பார்த்தாயிற்றாம், அக்கம்பக்கத்தில் நாலு பேரை வைத்துச் சொல்லிப் பார்த்தாயிற்றாம். இப்போது எங்கே என்று கேட்டேன். அது சொன்னதை இவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், இவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார்.

"காட்டுல மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்கால்ல காலை வச்சு உக்காந்திருக்காரும்மா. கையில சொம்பு. வயிறு நிறையத் தண்ணி குடிச்சு எம்புட்டு நாளாச்சு தாயி, விடுங்கிறாரு."

பிறகு ஒரு திங்கட்கிழமை அந்தப் படுக்கையில் பேரையூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் படுத்திருந்தார், புதுசு, ஊசிக்குப் பயந்துகொண்டு. டயாலிசிஸ் வார்டில் யாரும் சாவதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். மாயாண்டி எங்கே என்று இவர் கேட்டதற்கு, படுக்கை விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டே சிஸ்டர் சொன்னார்:

"அவரு இப்ப வர்றதில்லை சார்."

பழைய பேப்பர்

அன்றிலிருந்து இவர் ஒரே இடத்தைப் படிக்கச் சொன்னார். அந்த மூன்று பேர் ஏறிப் போகிற இடம். ஒரு புத்தகத்தில் படித்தால், இன்னொன்றில் அதே இடம். பிறகு வேறொன்றில். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. பாதியில் எழுந்து போகிற இந்த எண்ணத்தையெல்லாம் இவர் தலையில் போட்டதே இந்த அலமாரிதான் என்று, தெருவில் போன பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுத்து வாசலில் போட்டேன்.

அவர் ஒரு படத்தைப் பிரித்து, இம்புட்டுப் பெரிய பள்ளமா, உள்ள விழுந்தா ஆளை எடுக்க முடியாதே என்றார். கோணியை விரித்து அடுக்கினார். நான் உள்ளே பார்த்தேன். சாதாரணமாக நான் அலமாரியைத் தூசி தட்டினாலே புத்தகத்தின் வரிசை மாறிவிட்டது என்று தொட்டுப் பார்த்துச் சண்டைக்கு வருகிற மனிதர். தராசுச் சங்கிலி சத்தம் நன்றாகக் கேட்கிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து தொட்டுப் பார்க்கவில்லை. முகத்தில்கூட ஒன்றும் இல்லை. கோணியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொண்டுபோக ஆரம்பித்தேன். பேப்பர்காரர் தராசைக் கையில் பிடித்தபடி கேட்டார்:

"வெயில்ல வெளிய எடுத்துப் போட்டு உள்ள கொண்டு போறதுக்கு எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டீங்க?"

முடிகிற ஆறு

போன வெள்ளிக்கிழமை நான் விடுவதாக இல்லை. ஏறிப் போனவர்களை விட்டுவிட்டு, படகில் இருந்தவர்கள் பக்கத்தைத் திறந்தேன். கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த வாசிப்பு முழுவதையும் அதில் காட்டினேன். பெரிய பாய்ச்சலில் இறங்குகிறார்கள், படகு நிறையத் தண்ணீர், எப்படியோ தாண்டிவிடுகிறார்கள். அடுத்த நாளே பாறைச் சுவர் விலகி வெட்டவெளி வந்துவிடுகிறது. வானம் தெரிகிறது. கரையில் மீன் பிடிக்கிறவர்கள் நிற்கிறார்கள். ஒரே ஒரு நாள், அதைப் பொறுத்திருந்தால் அந்த மூன்று பேரும் பிழைத்திருப்பார்கள், புத்தி கெட்டவர்கள் என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். இவருக்குத்தான் சொல்கிறேன் என்பது வார்டுக்கே தெரியும். ரெங்கராஜன் சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவர் ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல், "அவங்க ஆத்துக்கு ஒரு முடிவு இருந்துச்சு வசந்தா" என்றார். "நமக்கு வெள்ளிக்கிழமை தாண்டினா திங்கக்கிழமை வரும்."

புத்தகத்தைப் பையில் வைக்கப் போனேன், ஜிப் சிக்கிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்து பையை வாங்கி ஜிப்பை இழுத்துவிட்டார். இந்தப் புத்தகங்களுக்காக என்னோடு இத்தனை நாள் மாரடித்த அதே சிஸ்டர். இவருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்:

"திங்கக்கிழமை முதல்ல இருந்து படிங்கம்மா, படகு ஏறுற எடத்துல இருந்து. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானும் அவ்வளவு ஒழுங்காக் கேக்கலை."

திங்கட்கிழமை

இன்றைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. நேற்றுச் சாயங்காலம் இவர், நாளைக்கு நான் வரலை என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், வீட்டில் ஒரு நல்ல சண்டை நடந்து முடிந்திருக்கும். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஃபோனில் பேசிப் பார்த்தாள். அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன், சொல்லக் கூடாததையும் சொன்னேன்.

பை தயார். ஏ.சி. குளிருக்குப் போர்வை, ஃபிளாஸ்க், பன், ஃபைல். எல்லாவற்றுக்கும் மேலே அலமாரியின் முதல் புத்தகம், படகுகளை ஆற்றில் இறக்குகிற இடத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து. ஆட்டோ வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, அதற்குள் இதை எழுதுகிறேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் எடுத்துக் கொடுத்த சட்டை மடியில் மடித்தபடியே கிடக்கிறது. காலையில் கொலுசுச் சத்தம் கேட்டும் கை நீளவில்லை. தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் தொடவில்லை.

ஓர் அலமாரிப் புத்தகத்தைப் படித்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆற்றோடு போனவனைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், பாறை ஏறிப் போனவனைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், பையைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்கிறவளுக்கு எவனும் அரைப் பக்கம் ஒதுக்கவில்லை.

ஆட்டோக்காரர் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டார். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, கோபத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை கேட்கப் போகிறேன்.

"ஏங்க, சத்தம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கிறேன். அந்தக் கையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நீட்டுங்க."